மாடி ஜன்னலில் பூ வைத்த வீடு

அத்தியாயம் 9

தபால் அட்டை வந்ததை ஆதிகேசவன் வீட்டில் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து அதை எடுத்துப் படித்ததைச் சந்திரம்மாவும் அவனிடம் சொல்லவில்லை. நாலு நாளாக இரண்டு பேரும் ஒரே செய்தியை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு வளைய வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது. இனி ஒளிக்க நேரமில்லை.

அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'ஆதி, தங்கை மௌரீன் கல்யாணத்துக்காக வந்திருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் உன் வீட்டில் சாப்பாடு. களியும் குழம்பும் வேண்டும். எட்டு வருஷப் பசி. ஓஸ்வால்ட்.'

காலையில் காப்பி குடித்த கையோடு ஆதிகேசவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"தொம்மலூர் வரைக்கும் போயிட்டு வரேன். பெருமாள்சாமி வரச் சொல்லியிருக்கான். சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே."

சந்திரம்மா அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓஸ்வால்ட் அண்ணன் வர்ற அன்னிக்காங்க?"

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"அரைக்கிலோ கறி வாங்கியாச்சு. ராகி மாவு பக்கத்து வீட்டுல வாங்கி வெச்சிருக்கேன். சிநேகிதன் எட்டு வருசம் கழிச்சு வர்றாரு. நீங்க தொம்மலூருக்குப் போனா அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

ஆதிகேசவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஏன் தப்பித்து ஓடப் பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை. சிநேகிதர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மனத்தாங்கலின் நடுவில் தன் பெயர் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1954ஆம் வருஷம் ஆதிகேசவன் வேலை பார்த்த தொழிற்சாலை, இரண்டு ஃபிட்டர்களைப் பயிற்சிக்காக ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பியது. ஸ்ரீராம்புரத்து ஆதிகேசவன் ஒருவன். சிவாஜிநகரை ஒட்டிய கண்டோன்மெண்ட் கோயில் தெருவிலிருந்து ஓஸ்வால்ட் இன்னொருவன். ஜூரிக் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பதினோரு மாதம் ஒரே அறை, ஒரே அடுப்பு. அடுத்த வருஷம் ஜூனில் ஐந்து நாள் விடுமுறை கிடைத்தபோது, ஓஸ்வால்ட் பழைய விலைக்கு வாங்கிய ஒரு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள்.

ஆதிகேசவன் திரும்பி வந்தான். ஓஸ்வால்ட் அங்கேயே தங்கிவிட்டான்.

அந்த ஐந்து நாளில் பிடித்த படங்களில் பத்துப் படம் சந்திரம்மாவிடம் வந்து சேர்ந்தன. கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டி, கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். போய் வந்தவன் அதைத் திறந்து பார்த்தே கிடையாது. போகாதவளுக்கு அது மனப்பாடம்.

சந்திரம்மா முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. வலியில் துடிக்கும் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த ஊரைப் பற்றிப் பேசுவாள்.

"எங்க வீட்டுக்காரர் போன ரயிலுக்குப் பல்லு இருக்குதும்மா. தண்டவாளத்துலயும் பல்லு, சக்கரத்துலயும் பல்லு. ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கினு செங்குத்தா மலை ஏறும். வழுக்கவே வழுக்காது. நீயும் பல்லைக் கடிச்சுக்கோ, இன்னும் கொஞ்ச தூரந்தான்."

வார்டில் அவளுக்கு 'ஸ்விஸ் ஆயா' என்றே பெயர். மைசூரையும் திருப்பதியையும் தவிர வேறு ஊர் பார்க்காதவள். மூடிய மரப்பாலத்தின் கூரைக்கடியில் முக்கோண முக்கோணமாகச் சித்திரங்கள் இருப்பதையும், ஏரியில் அன்னங்கள் ரொட்டிக்காகப் படகின் பின்னாலேயே வருவதையும் நேரில் பார்த்தவள் போலச் சொல்வாள்.

*

ஓஸ்வால்ட் பன்னிரண்டரை மணிக்கு வந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. சந்தில் நுழைந்ததிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்ததில், அவனுக்கு முன்னால் அவன் வந்த செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

"என்ன மேன், இளைச்சுப் போயிட்டே!" என்று ஆதிகேசவனைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டவன் சீக்கிரத்தில் விடவில்லை. ஆதிகேசவனின் கைகள் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு கை மெல்ல எழுந்து சிநேகிதனின் முதுகில் பட்டது.

ஆறு வயது மகள் ருக்குவின் கையில் ஒரு பெரிய சாக்லேட் பெட்டி ஏறியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போனாள்.

ஓஸ்வால்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"தங்கச்சி, இதுக்காகவே கப்பல் ஏறலாம். என் வைஃப் நல்லவ. உருளைக்கிழங்கை எட்டு விதமா பண்ணுவா. நான் எட்டையும் சாப்பிடுவேன். ஆனா சில நாள் வேலை முடிஞ்சு வரும்போது வாய்விட்டுத் தமிழ் பேசுவேன், தனியா. யார்கிட்டன்னா, ஏரியில இருக்கிற அன்னத்துக்கிட்ட."

சந்திரம்மா சிரித்தாள். ஆதிகேசவன் சிரிக்கவில்லை. சாப்பாட்டிலேயே கண்ணாக இருந்தான்.

"இவன் ஒரு லெட்டருக்கும் ஒழுங்கா பதில் போடலை" என்றான் ஓஸ்வால்ட். "மூணு எழுதினா ஒண்ணு. அதுவும் 'நலம், நலமறிய அவா'. பொல்லாத மனுஷன்."

சாப்பாடு முடிந்ததும் அவனே கேட்டான். "படங்கள் எல்லாம் இருக்கா தங்கச்சி? என்கிட்ட இருந்த காப்பி எல்லாம் வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சு."

சந்திரம்மா ஆல்பத்தை எடுத்து வந்தாள். எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குக் காட்டியது. அங்கே நிஜமாகவே இருந்த ஒரு ஆளுக்குக் காட்டுவது இதுதான் முதல் தடவை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளைத் திறந்தாள்.

படகின் மேல்தளம். ஆதிகேசவன் பறக்கப் போன தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அந்தத் தொப்பி அடுத்த நிமிஷமே ஏரிக்குள்ள போயிடுச்சு" என்றான் ஓஸ்வால்ட். "சொன்னானா?"

"இல்லையே! ரயில்ல மறந்து வெச்சுட்டேன்னாரு."

அடுத்தது பல் ரயில். மலையைப் பார்க்காமல் தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கும் ஆதிகேசவனின் முதுகு மட்டும். அது சந்திரம்மாவுக்கு மிகப் பிடித்த படம். ஊரெல்லாம் பனியைப் பார்க்க, தன் புருஷன் மட்டும் சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்திருக்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

அதற்கடுத்தது மலை உச்சி. பனியில் இருவரும் தோள் மேல் கை போட்டு, வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். தடி ஊன்றி வந்த யாரோ ஒரு கிழவி பிடித்துக் கொடுத்த படம். அந்தச் சிரிப்பைச் சந்திரம்மா இந்தப் படத்தில் மட்டுந்தான் பார்த்திருக்கிறாள். வீட்டில் பார்த்ததே இல்லை.

ஓஸ்வால்ட் அதன் மேல் வெகுநேரம் குனிந்திருந்தான். "இதே இடத்துக்கு வைஃப்போட ரெண்டு தடவை போனேன். மலை இருந்துச்சு. பனி இருந்துச்சு. இவன் இல்லை."

கடைசித் தாளைப் புரட்டினாள். ஒரு வீடு. மாடியில் இரண்டு ஜன்னல். இரண்டிலும் மரத்தொட்டி நிறையப் பூக்கள். ஆள் யாரும் இல்லாத ஒரே படம் அதுதான். 'இது யார் வீடுங்க?' என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். 'யார் வீடோ. பிலிம்ல ஒண்ணு மிச்சம் இருந்துது, எடுத்தோம்' என்பான்.

கறுப்பு வெள்ளைப் படந்தான். ஆனாலும் அந்தப் பூக்கள் சிவப்பு என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும், காலை வெயில் எந்த ஜன்னலில் விழும் என்றெல்லாம் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஓஸ்வால்ட் அந்தப் படத்தை விரலால் தட்டினான்.

"இதோ, உங்க வீடு!"

"எங்க வீடா?"

"உங்களுக்குன்னு பேசி வெச்ச வீடுதானே தங்கச்சி. கீழே நான், மாடியில நீங்க ரெண்டு பேரும். மூணு வருஷ வேலை. இந்தியாவில இருந்து பயிற்சிக்கு வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ரெண்டு பேரு வேணும்னு கேட்டாங்க. நம்ம கம்பெனியும் சரின்னாங்க. பொண்டாட்டியைக் கூட்டிக்கோன்னு கப்பல் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு பண்ணினாங்க. நீங்கதான் வர மாட்டேன்னு கண்டிப்பா எழுதிட்டீங்க!" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய வருத்தம் ஒரு துளி கலந்திருந்தது. "மாடியை ரெண்டு மாசம் காலியாவே வெச்சிருந்தேன். ஒருவேளை மனசு மாறுவீங்களோன்னு."

சந்திரம்மா புருஷனைப் பார்த்தாள். ஆதிகேசவன் தரையைப் பார்த்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் எழுதவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எதிரில் எட்டு வருஷம் கழித்து வந்த சிநேகிதன், வயிறார உண்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். புருஷனின் காது மடல் சிவந்திருந்தது.

"அப்போ எனக்கு வெளியூருன்னாலே பயம் அண்ணா" என்றாள். குரல் எப்படியோ நேராகவே வந்தது.

ஆதிகேசவன் சடக்கென்று நிமிர்ந்தான்.

"இப்ப பயம் போயிடுச்சா?" என்று ஓஸ்வால்ட் ஆவலோடு முன்னால் நகர்ந்தான். "சும்மா கேக்கலை தங்கச்சி. என் மாமனார் சின்னதா ஒரு பட்டறை வெச்சிருக்காரு. நல்ல ஃபிட்டர் வேணும்னு சொல்லிட்டே இருக்காரு. இவனை மாதிரி கை அங்கே யாருக்கும் கிடையாது. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கு பம்பாய்க்கு ரயில். அதுக்குள்ளே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தத் தடவை லெட்டர் வேணாம். நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன் அண்ணா" என்றாள் சந்திரம்மா.

*

ஓஸ்வால்டை பஸ் ஏற்றிவிட்டு ஆதிகேசவன் திரும்பியபோது மணி நாலு. சந்திரம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். ஆல்பம் தரையில் விரித்தபடியே கிடந்தது.

"நான் எப்பங்க வர மாட்டேன்னு எழுதினேன்?"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வார்டுல ஒரு பொண்ணு விடாம நான் அந்த ஊர்க் கதையைச் சொல்லிக்கினு இருக்கேன். வீட்டுல நீங்களும் கேட்டிருக்கீங்க. ஒரு நாளாச்சும், 'அடியே, அதுல உனக்கு ஒரு வீடு இருந்துது'ன்னு சொல்லணும்னு தோணலையா?"

"நீ அப்ப இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இல்ல சந்திரா."

அவளுக்கு ஞாபகம் இல்லாமல் என்ன? அவன் கப்பல் ஏறுவதற்கு மூன்று மாதம் முன்னால் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அதற்கப்புறம் நெடுநாள் அவள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

"நான் புறப்படும்போது நீ நிமிந்து என் மூஞ்சியைக்கூடப் பாக்கல" என்றான் ஆதிகேசவன். "அந்த வீட்டைக் காட்டினாங்க. மாடிக்குப் போய்ப் பாத்தேன். ஜன்னல் பெருசு. அதுல நீ உக்காந்துக்கினு வெளியவே வெறிச்சுப் பாக்கிற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. பாஷை தெரியாத ஊரு. நான் வேலைக்குப் போயிடுவேன். மறுபடியும் உனக்கு அந்த மாதிரி ஆச்சுன்னா, நீ யாரைக் கூப்பிடுவ? இன்னான்னு கூப்பிடுவ? பயந்துட்டேன். பயம்னு சொல்ல வெக்கம். என் சம்சாரம் வர மாட்டாளாம், லெட்டர் போட்டுட்டான்னு சொல்லிட்டேன்."

"ஓஸ்வால்ட் அண்ணங்கிட்டயுமா?"

"அவன் அதுக்கப்புறமும் ஒரு மாசம் கெஞ்சினான். உனக்கு அவனே எழுதறேன்னான். வேணாம்னு சண்டை போட்டேன். அதான் இன்னிக்கு அவன் மூஞ்சியில முழிக்க முடியல."

வாசலில் ருக்கு பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. சந்திரம்மா தரையில் உட்கார்ந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை நினைத்து இந்த மனிதன் அவ்வளவு தூரத்தில் பயந்திருக்கிறான். அதை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. சுவரைத் தவிர வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. அது இவனுக்குத் தெரியவில்லை.

"கேட்டிருந்தா வந்திருப்பியா?" என்றான் அவன் மெல்ல.

அவள் கண் ஆல்பத்தில் இருந்த அந்த வீட்டின் மேல் போய் நின்றது.

"தெரியலைங்க. சத்தியமாத் தெரியல. அதுலதான் எனக்கு ஆத்திரம். வந்திருப்பனா மாட்டனான்னு நானே தெரிஞ்சுக்க வழியில்லாம பண்ணிட்டீங்களே!"

ஆதிகேசவன் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்தான். கல்யாணமாகி, கடல் கடந்து, திரும்பி வந்த இத்தனை வருஷத்தில் அவன் அதைத் தொட்டது அன்றுதான். பனிமலைப் படம் வந்ததும் நிறுத்தினான்.

"மேல போய் நின்னப்போ ஒரு சத்தமும் இல்ல. காத்துக்கூட இல்ல. இப்படி ஒரு இடம் இருக்குதான்னு இருந்துது. ஓஸ்வால்ட் ஏதோ சொல்லிச் சிரிக்க வெச்சான். நான் சிரிச்சது அதுக்கில்ல. உன்னைக் கூட்டியாந்து இங்க நிக்க வெச்சா நீ இன்னா சொல்லுவேன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. மொதல்ல வந்தது அந்த ஆசைதான் சந்திரா. பயம் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துது."

அவனுடைய பிரயாணத்தை ஆயிரம் தடவை சொன்னவள் அவள். இந்த இடம் எந்தத் தடவையும் அதில் வந்ததில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் கிட்டே வந்து உட்கார்ந்தான். தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை.

*

ஐந்தரைக்கு அவன் மறுபடியும் வெள்ளைச் சட்டையை மாட்டினான்.

"எங்க?"

"ஓஸ்வால்ட் வீட்டுக்கு. நீ எழுதல, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வந்துடறேன். அவன் உன்னைத் தப்பா நெனச்சுக்கினே கப்பல் ஏறக் கூடாது."

சந்திரம்மா முகம் கழுவினாள். தலையை அவிழ்த்து முடிந்தாள். ருக்குவைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் இருக்கச் சொன்னாள்.

"நீ எதுக்கு? நான் மட்டும் போய்..."

"நீங்க உங்க பதிலை மாத்துங்க" என்றாள் சந்திரம்மா, செருப்பில் காலை நுழைத்தபடி. "என் பதிலை நானே சொல்லிக்கிறேன்."

"இன்னா சொல்லப் போற?"

அவள் முன்னால் நடந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்கு என்ன பதில் என்று அவளுக்கும் இன்னும் தெரியாது. வார்டில் அவளுக்காகக் காத்திருக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். ருக்குவின் பள்ளிக்கூடம் வந்தது. பார்க்காத ஒரு ஏரியின் குளிர்காற்று முகத்தில் அடிப்பது போல இருந்தது.

சந்து முனையில் பஸ் வந்து நின்றது. சந்திரம்மா முதலில் ஏறினாள். கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டே வந்து, வழக்கம் போல ஆண்பிள்ளையிடம் கையை நீட்டி, எங்கே என்று கன்னடத்தில் கேட்டான்.

"எல்லிகே?"

ஆதிகேசவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"எரடு சிவாஜிநகரா" என்று இரண்டு டிக்கெட் கேட்டாள் அவள்.